அருள்நாதன் பேரில் ஒரு தலைக்கட்டு

ஊரில் வரி கேட்டு ஆள் வந்தால் கொல்லைப்புறமாக நழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். ‘அப்பா வெளியூர் போயிருக்காரு’ என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று அதையே காதால் கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாக்களையும் பார்த்திருக்கிறோம். வலியப் போய் முழு வரியையும் கட்டி, கட்டிய வரியாலேயே வாயடைக்கப்பட்ட ஒரே ஆள் எனக்குத் தெரிந்து சம்மனசுப்பட்டி இஞ்ஞாசியம்மாள்தான்.

சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில் நாற்பத்திரண்டு வீடுகள் உள்ள சின்ன ஊர் அது. எல்லாம் வேதக்கார வீடுகள். நடுவில் அந்தோணியார் கோயில். கல்யாணம் முடித்துத் தனி அடுப்பு மூட்டிய ஒவ்வொரு ஆம்பளையும் அங்கே ஒரு தலைக்கட்டு. ஆனி மாதத் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. வரி கட்டியவருக்கு ஊர்க் கூட்டத்தில் உட்காரப் பாயும் உண்டு, பேச வாயும் உண்டு. புருஷன் இல்லாத பெண்ணுக்கு அரை வரி. அரை வரிக்குக் கூட்டத்தில் இடம் கிடையாது. அதற்குப் பதிலாக நிறைய இரக்கம் உண்டு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் அருள்நாதன் வீட்டை விட்டுப் பழனிக்குப் போனதும், வரி வசூலுக்கு வந்தவர்கள் அந்த இரக்கத்தைத்தான் அவளுக்கும் கொண்டுவந்தார்கள்.

“நீ அரை வரி குடுத்தாப் போதும்த்தா.”

இஞ்ஞாசியம்மாளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. “எதுக்கு அரை? எம் புருசன் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்காரு. முழு வரியும் வாங்கிக்கங்க. அவரு பேருலயே எழுதுங்க” என்று உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து நீட்டினாள். தவளை தன் வாயால் கெட்டது அன்றைக்குத்தான். அதிலிருந்து வருஷம் தவறாமல் அவள் கொடுத்தாள். வருஷம் தவறாமல் நோட்டில் அருள்நாதன் பெயர் ஏறியது. பைசா பாக்கி வைக்காத உத்தமத் தலைக்கட்டு. அந்த உத்தமரோ திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் விருந்தாளி மாதிரி வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, மிச்சத்தைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்.

அவர் ஏன் போனார் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. அடிதடி, குடி, இன்னொரு பெண் என்று எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான்கு பேரிடம் சொல்லி அழுதாவது தீர்த்திருப்பாள். அவர் வத்தலக்குண்டு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவள் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை இல்லாத நாளில் பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்துக் காய் விற்பாள். கொடைக்கானல் பஸ்ஸுக்கு நின்ற ஓட்டல்காரர் ஒருவர், “சின்ன வெங்காயத்தை உரிச்சே குடுப்பீங்களா? மேல குளிர்ல உக்காந்து உரிக்க ஆள் சிக்க மாட்டேங்குது” என்று கேட்டார். மறுநாள் ஐந்து கிலோ உரித்துக் கொண்டுபோனாள். அவர் இன்னொருவரிடம் சொன்னார். ஐந்து ஐம்பதானது. ஐம்பது நூறானபோது பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டாள். வாரம் மூன்று நாள் திண்டுக்கல் வெங்காயப் பேட்டையிலிருந்து மூட்டை வந்து இறங்கும். தினமும் முதல் பஸ்ஸில் உரித்த வெங்காயம் மலைக்கு ஏறும்.

பெண்டாட்டி கை ஓங்கினால் புருஷன் ஒன்று கூட நின்று உதவ வேண்டும், இல்லை கவலை விட்டது என்று காலை நீட்டிப் படுக்க வேண்டும். அருள்நாதன் இரண்டும் செய்யவில்லை. அவர் ரோஷப்பட்டார். மார்க்கெட்டில் எவனோ, “ஒனக்கென்னப்பா, வீட்டுலயே மில்லு ஓடுது” என்று சொல்லிவிட்டானாம். முதலில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மூட்டை தூக்கினார். பிறகு ஒரு நாள். பிறகு முதுகு வலித்தது. பிறகு, “பொம்பளை சம்பாத்தியத்துல ஒக்காந்து திங்க எனக்கு மனசு வரல” என்று ஒரு பையில் நான்கு சட்டையை வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நான்கு சட்டையும் வெங்காயக் காசில் எடுத்தவை.

போகட்டும். அவர் இல்லாமலும் அடுப்பு எரிந்தது. ஓட்டு வீடு தளம் போட்ட வீடானது. மகள் பாத்திமா திண்டுக்கல்லில் ஹாஸ்டலில் இருந்து நர்சிங் படிக்கிறாள். இஞ்ஞாசியம்மாளோடு உட்கார்ந்து உரிக்கும் பெண்கள் இன்றைக்குப் பதினாறு பேர். பதினைந்து பேர் உள்ளூர். பதினாறாவது பேச்சாயி, பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வருகிறவள். புருஷனிடம் கேட்காமல் பிள்ளைக்குச் செருப்பு வாங்கியதை ஒருத்தி மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி, தனக்கு மீன் பிடிக்கும் என்பதையே நாற்பது வயதில்தான் கண்டுபிடித்தேன் என்றாள். அவள் வீட்டில் அவருக்கு மீன் ஆகாது.

வேலை நடந்தது வீட்டு வாசலில். மழை பெய்தால் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கோழி வந்து கிளறும். காற்றடித்தால் வெங்காயச் சருகு தெருவெல்லாம் பறக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் ஒரு சருகு கோயில் பீடத்து மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது. அதற்கு ஒரு கூட்டம், ஒரு கண்டனம்.

இந்த நிலைமையில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மசாலா கம்பெனிக்காரர் வந்தார். தினம் முந்நூறு கிலோ எடுத்துக்கொள்கிறேன், வருஷம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் வாசலில் உரிப்பது ஆகாது. சிமெண்டுத் தரை வேண்டும், குழாய்த் தண்ணீர் வேண்டும், ஜன்னலுக்கு வலை வேண்டும். இருபதாம் தேதி திரும்ப வந்து பார்ப்பேன், இடம் இல்லையென்றால் ஒட்டன்சத்திரம் பக்கம் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடம் இல்லாமல் இல்லை. கோயிலுக்குப் பின்னால் பால் சொசைட்டிக் கட்டடம் இருந்தது. சொசைட்டி மூடி எட்டு வருஷமாகிறது. பால் கேன் கழுவுவதற்காகவே போட்ட வழுவழு சிமெண்டுத் தரை, தண்ணீர் ஓடச் சாக்கடை, இரண்டு குழாய். வெங்காயத்துக்கென்றே கட்டி வைத்த மாதிரி. இப்போது அதற்குள் இருந்தது சப்பரத்து சீரியல் பல்பு ஒரு மூட்டை, ஓட்டை மைக் செட், சாயங்காலமானால் சீட்டு விளையாடும் ஆம்பளைகள் எட்டுப் பேர். அவ்வளவுதான். சும்மா கேட்கவில்லை, வாடகை தருகிறேன் என்றுதான் கேட்கப் போனாள்.

நாட்டாமை சந்தியாகு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மரியாதையான மனிதர். அவரிடம் அதுதான் பெரிய தொல்லை. மரியாதை இல்லாதவரென்றால் சண்டையாவது போடலாம்.

“நல்ல காரியந்தாத்தா. யாரு வேணாம்னா? ஊர்க் கட்டடம்ல, கூட்டத்துல வச்சுத்தான் குடுக்க முடியும். வார ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் கூட்டம். ஒங்க தலைக்கட்டு வந்து கேக்கட்டும்.”

“நாந்தான் மாமா கேக்குறேன்.”

“நீ கேக்குற. சரி. நோட்டுல அருள்நாதன்ல இருக்கு.”

“அவரு பழனியில இருக்காரு. ஒம்பது வருசமா.”

“அதுனால என்ன, வரியெல்லாம் கரெக்டா கட்டிப்புடுறாருல்ல. முழு உரிமை உள்ள ஆளு. வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது.”

“கட்டுறது நான் மாமா.”

“அவரு பேருல நீ கட்டுற. எல்லாம் ஒண்ணுதானத்தா” என்று அவர் சிரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிசிலியம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சிசிலியம்மாளும் பதினாறு பேரில் ஒருத்திதான். பொழுது போகாமல் வருகிறாள் என்று நாட்டாமை ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். அவள் இஞ்ஞாசியம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

பங்குச் சாமியாரிடம் போனாள். “அது ஊர் விசயம்மா, நான் தலையிட்டா வம்பு” என்று அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினார். போனில் மகளிடம் கொட்டித் தீர்த்தாள். பாத்திமா ஒரு மணி நேரமும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“அம்மா, இருபதாம் தேதிக்கு எடம் வேணும். நியாயத்த அப்புறம் பேசு. அப்பாவைப் போயிக் கூட்டிட்டு வா. அரை மணி நேரம் ஒக்கார வச்சு, கட்டடத்தை வாங்கிட்டு, திருப்பி பஸ் ஏத்தி விட்ரு.”

“ஒங்கப்பனையா?”

“ஆதார் கார்டு மாதிரி நெனைச்சுக்க. காட்டிட்டு உள்ள வச்சுரு.”

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் வேலையைப் பேச்சாயியிடம் ஒப்படைத்துவிட்டு, வத்தலக்குண்டில் பஸ் ஏறி, திண்டுக்கல்லில் மாறி, பழனியில் இறங்கி, அடிவாரத்துச் சந்துகளில் விசாரித்து விசாரித்து அவர் வேலை பார்க்கும் லாட்ஜைக் கண்டுபிடித்தாள்.

அருள்நாதன் வெளிர்நீலச் சட்டையில், கையில் சாவிக் கொத்தோடு படியில் நின்றார். மூட்டை தூக்கிய காலத்தில் இருந்ததைவிட நிறம் கூடியிருந்தது. தலை குனிந்து போனைப் பார்த்தபடியே, “வாங்க வாங்க, ரூம் வேணுங்களா? எத்தனை பேருங்க?” என்றார்.

“ஒரு ஆளுதான்” என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

அவர் நிமிர்ந்து பார்த்து ஒரு நிமிஷம் திகைத்தார். அதற்குள் மாடியிலிருந்து ஒருவர், “ரூம் பாய், நூத்தி நாலுக்கு வெந்நீ” என்று கத்த, பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் பாய். பொம்பளை சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்ன மனசு வராத மனிதர். இஞ்ஞாசியம்மாளுக்குப் பாவமாக இருந்தது. பாவம் என்று நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

எதிர்த்த டீக்கடையில் விஷயத்தைச் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கி, பெரிய வியாபாரம் பேசுகிறவர் மாதிரி கேட்டுக்கொண்டார்.

“வரலாமுங்க... வாரேன். ஒரே ஒரு விசயம். ஊருல நான் மேனேஜரா இருக்கேன்னு நெனைச்சுக்கிட்டிருக்காங்க. அதைக் கெடுத்துப்புடாத.”

“யாரு சொன்னா மேனேஜருன்னு?”

“நாந்தான்.”

“சரி, மேனேஜரு. வாங்க.”

சம்பளத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். வருகிற வழி டிக்கெட்டை அவள்தான் எடுத்தாள். திண்டுக்கல் வரைக்கும் அவருக்கு மூன்று வாக்கியம் சொல்லிக் கொடுத்தாள். பால் சொசைட்டிக் கட்டடத்தை எங்க வீட்டுக்கு வாடகைக்கு விடணும். வாடகை மாசாமாசம் ஊருக்கு வந்துரும். பதினாறு வீட்டுக்கு அதுல சோறு. அவ்வளவுதான். அவர் மூன்றையும் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார். “இம்புட்டுத்தான? இதுக்கா இம்புட்டு அலைச்ச?” என்று கேட்டுவிட்டு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் பாய் விரித்தார்கள். ஆம்பளைகள் உள்ளே. பெண்கள் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே. பெண்கள் உள்ளே வரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, வழக்கம் அப்படி. அருள்நாதனுக்கு நாற்காலி போட்டார்கள். வெளியூரில் பெரிய நிலையில் இருக்கிறவர் பாயில் உட்காருவதா என்று யாரோ சொல்ல, அவர் இரண்டு தடவை வேண்டாம் என்று மறுத்துவிட்டு மூன்றாவது தடவை உட்கார்ந்தார்.

“சொல்லுங்க அருள்நாதன்” என்றார் நாட்டாமை.

அருள்நாதன் தொண்டையைக் கனைத்தார். பழனியில் தைப்பூசத்துக்கு வந்த கூட்டத்தைச் சொன்னார். லாட்ஜில் எத்தனை ரூம், எத்தனை ஏசி ரூம், தண்ணீர்த் தட்டுப்பாட்டை எப்படிச் சமாளித்தோம், கேரளாக்காரர்களிடம் எப்படிப் பேச வேண்டும் எல்லாம் சொன்னார். சுவருக்கு வெளியே இஞ்ஞாசியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம் கழித்து ஒருவழியாக, “அந்தப் பால் சொசைட்டிக் கட்டடத்தை எங்க வீட்டுக்கு வாடகைக்கு விடணும்” என்றார். முதல் வாக்கியம் வந்துவிட்டது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

“அப்ப நாங்க எங்க போயி ஒக்கார்றது?” என்று சீட்டுக் கச்சேரியிலிருந்து ஒரு குரல்.

லாட்ஜுக்கு வந்தவர்களிடம் ‘இல்லை’ என்று சொல்லியே பழக்கம் இல்லாத மனிதர் அருள்நாதன். தலையை ஆட்டினார். “அதுவும் சரிதானுங்களே. ஆம்பளைக செத்த நேரம் ஒக்காந்து நாலு விசயம் பேச ஒரு எடம் வேணும்ல.”

“அப்ப என்ன சொல்றீங்க?”

அருள்நாதன் எழுந்தே நின்றுவிட்டார். “ஊரு பெருசா, வெங்காயம் பெருசா? ஊரு என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்படுறேன்.”

நான்கைந்து பேர் கை தட்டினார்கள். அவர் இரண்டு பக்கமும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். “தலைக்கட்டே சொல்லிட்டாரு. அடுத்த விசயத்துக்குப் போவோம்” என்றார் நாட்டாமை. அறுபது மைல் போய்க் கூட்டி வந்த ஆதார் கார்டு இப்படியாக இஞ்ஞாசியம்மாளின் இடத்தை அவளுக்கு இல்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டது.

“போச்சாக்கா?” என்று பேச்சாயி பக்கத்திலிருந்து கேட்டாள்.

இஞ்ஞாசியம்மாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கேட்டைத் திறந்து மண்டபத்துக்குள் போனாள். எந்தப் பெண்ணும் நடக்காத அந்தப் பாய் விளிம்பு வரைக்கும் போய் நின்றாள்.

“மாமா, நோட்டை எடுக்கச் சொல்லுங்க.”

“ஏத்தா, இது கூட்டம். நீ வீட்டுக்குப் போ. அவருதான் பேசிட்டாருல்ல.”

“பேசிட்டாரு. நல்லாத்தான் பேசுனாரு. ஒம்பது வருச வரியை யாரு கட்டுனதுன்னு மட்டும் அவரையே சொல்லச் சொல்லுங்க. நான் போயிர்றேன்.”

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். அருள்நாதன் சட்டைக் கையை இழுத்துவிட்டார், எதிரே இருந்த அந்தோணியார் சுரூபத்தைப் பார்த்தார், திரும்பத் தரையைப் பார்த்தார்.

“நீங்க கட்டுனீங்களா?” என்று கேட்டாள்.

பொய் சொல்ல அவருக்கு வாய் இருந்தது. மேனேஜர் என்று சொன்ன வாய்தான். ஆனால் கோயில் மண்டபத்தில், பெண்டாட்டி முகத்துக்கு நேராக, அது எழும்பவில்லை. “இல்ல” என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, “ஒரு வருசங்கூட இல்ல” என்றும் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

நாட்டாமை சங்கடத்தோடு சிரித்தார். “அட, இதுல என்ன இருக்கு. புருசன் குடுத்தா என்ன, பொண்டாட்டி குடுத்தா என்ன? ரெண்டும் ஒண்ணுதான.”

“ஒண்ணுதான மாமா? குடுக்குறப்ப ஒண்ணு, கேக்குறப்ப மட்டும் எப்படி ரெண்டாகும்?”

சீட்டுக் கச்சேரிக்காரர் ஒருவர் எழுந்தார். “ஒன் வீட்டுக் கதைய ஊருக் கதையாக்காத. மத்த வீட்டுல எல்லாம் ஆம்பளைகதான் வரி கட்டுறோம்.”

இஞ்ஞாசியம்மாளுக்கு அதற்குப் பதில் தெரியும். பதினைந்து பெண்கள் சனிக்கிழமை அவளிடம் கூலி வாங்கி எதற்கெல்லாம் கொடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதை அவர்கள் புருஷன்மார் முன்னால் போட்டு உடைக்க அவளுக்கு உரிமை இல்லை. அப்படியே நின்றாள். காரியம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தாள்.

சுவருக்கு வெளியிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது. “நம்ம வீட்டு வரியும் வெங்காயக் காசுலதாங்க குடுத்தேன்.”

சிசிலியம்மாள். நாட்டாமையின் மனைவி.

சந்தியாகு திரும்பிப் பார்த்தார். “தேங்கா வித்த காசுன்னுல்ல சொன்ன?”

“மூணு வருசமா மரத்துல வெள்ளை ஈ. தேங்கா எங்கிட்டுக் காய்ச்சுது? ஒங்களுக்கு மனசு கஷ்டப்படும்னு தேங்காக் காசுன்னு சொல்லிக் குடுத்தேன்.”

அவள் குரலில் கோபமில்லை. ‘மோர் வேணுமா’ என்று கேட்கிற அதே குரல். அதற்குப் பிறகு மற்ற பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மண்டபத்தில் பதினைந்து ஆம்பளைகள் அவரவர் வீட்டுக் காசு எந்தக் காசு என்று யோசித்துப் பார்த்துக்கொண்டு பாயைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்றவர் மெதுவாக உட்கார்ந்தார்.

சந்தியாகு யாரையும் பார்க்காமல் சொன்னார். “கட்டடத்தை எடுத்துக்கட்டும். மாச வாடகை ஊருக்கு. நோட்டுல அவ பேரை எழுதுங்கப்பா.”

நோட்டு எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். “அருள்நாதன் பேரை அடிச்சிரவா?”

அருள்நாதன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “உசுரோட இருக்குற ஆம்பளை பேரை அடிக்கிறதாவது.” இதற்கு மட்டும் மண்டபமே அவர் பக்கம் நின்றது. அப்படி அடிக்கிற வழக்கம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அடிக்காவிட்டால் ஒரு வீட்டில் இரண்டு பேர். இரண்டு பேர் என்றால் இரண்டு தலைக்கட்டு. இரண்டு தலைக்கட்டு என்றால் இரண்டு வரி. ஊர் ஞாயம் எங்கே சுற்றினாலும் இஞ்ஞாசியம்மாளின் சுருக்குப்பையில் வந்துதான் இறங்கும். பழக்க தோஷத்தில் மொத்தப் பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் பழக்க தோஷத்தில் இடுப்பில் கை வைத்தாள்.

கை அங்கேயே நின்றது.

“என் வரி இந்தா” என்று ஒரு வரியை எண்ணி வைத்தாள். “அவரு வரியை அவருகிட்ட வாங்கிக்கங்க.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மேனேஜர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். நூறாகவும் ஐம்பதாகவும் எடுத்து எடுத்து வைத்தார். வரி சரியாக இருந்தது. பையும் காலியாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அருள்நாதன் பெயருக்கு நேரே அருள்நாதன் பணம் விழுந்தது. அதைப் பார்க்க இஞ்ஞாசியம்மாளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இதை அன்றைக்கே செய்திருந்தால் என்ன குறைந்து போயிருப்பார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கூட்டம் கலைந்தது. கேட்டுக்கு வெளியே அவர் பின்னாலேயே வந்தார்.

“இஞ்ஞாசி, நாளைக்கு மத்தியானம் நான் டூட்டியில இருக்கணும்.”

“போயிட்டு வாங்க.”

“பஸ்ஸுக்குக் காசு இல்ல.”

அவள் நின்றாள். இதுவரைக்கும் ஒன்பது வருஷத்தில் எத்தனை தடவை, எத்தனை கிறிஸ்துமஸுக்கு, அவர் கேட்காமலே பஸ்ஸுக்கென்று கையில் திணித்திருப்பாள்.

“காலையில ஏழு மணிக்குப் பால் சொசைட்டிக்கு வந்துருங்க. வேலைக்கு ஆளு தேவைப்படுது. கிலோக் கணக்குல கூலி, அன்னைக்குச் சாயங்காலமே கையில.”

“பொம்பளைகளோடயா?”

“வேற யாரு இருக்கா அங்க?”

அவர் வந்தார். லாட்ஜுக்குப் போன் பண்ணிக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்தார். பெண்கள் தரையைக் கழுவி, பல்பு மூட்டையையும் மைக் செட்டையும் மூலையில் ஒதுக்கி, வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சாயி ஒரு கத்தியைக் கொடுத்து, தலையையும் வாலையும் எப்படிக் கிள்ளுவது, தோல் எப்படி நழுவும் என்று காட்டினாள். வெளிர்நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு சுவர் ஓரமாக உட்கார்ந்தார். மத்தியானத்துக்குப் பிறகு, “இம்புட்டு வேலையா இது?” என்று மட்டும் கேட்டார், யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

சாயங்காலம் பேச்சாயி நிறுத்தாள். “மூணு கிலோ நூறு கிராம்ணே.”

தராசு சரியில்லை என்றார். அதே தராசில் பேச்சாயி இருபத்திரண்டு கிலோ உரித்திருந்தாள். இஞ்ஞாசியம்மாள் மூன்று கிலோவுக்கு உண்டான கூலியை எண்ணிக் கொடுத்தாள். நூறு கிராமுக்கும் சேர்த்தே கொடுத்தாள். அவர் வாங்கி, இரண்டு முறை திருப்பிப் பார்த்து, பனியனுக்குள் வைத்துக்கொண்டார்.

பழனி பஸ்ஸுக்குக் காசு சேருவதற்கு அவருக்கு மூன்று நாள் ஆயிற்று.